ஆத்தாவுக்குப் பதவி உயர்வு வேண்டாம்

ஓம் சக்தி. 

பதிவு கொஞ்சம் நீளம். வெள்ளிக்கிழமை பூஜைக்கு அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கிட்டு இருக்கிற பேச்சுக்கு அங்கேயே பதில் எழுதலாம்னு பார்த்தேன். அங்க நாலு வரி எழுதுறதுக்குள்ள நாற்பது கைகூப்புற படம் வந்து எல்லாத்தையும் மூடிடுது. அதனால இங்க எழுதுறேன். பொறுமையா படிங்க. படிச்சிட்டுத் திட்டணும்னா திட்டுங்க, ஆனா படிச்சிட்டுத் திட்டுங்க.

விஷயம் உங்களுக்குத் தெரியும். திருப்பணி ஆரம்பிக்கப் போறோம். கோபுரத்துக்குப் பெரிய தொகை தர ஒருத்தர் முன்வந்திருக்கார். நல்ல மனசு, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா அதோட மூணு யோசனையும் வந்திருக்கு. ஒண்ணு, மாரியம்மன் என்ற பேரை எடுத்துட்டு ராஜராஜேஸ்வரி என்று வைக்கணும். ரெண்டு, மூலஸ்தானத்துச் சிலைக்குக் காலடியில இருக்கிற பழைய கல்லை எடுத்து மூவார் கடல்ல விட்டுடணும். மூணு, பெரியாச்சி சன்னதி பார்க்கப் பயங்கரமா இருக்கு, பாலாலயம் செய்யும்போதே அதை முடிச்சுடணும்.

காரணம் என்ன சொல்றாங்க? மாரி, காளி, பெரியாச்சி எல்லாம் சிறு தெய்வமாம். தோட்டத்துச் சனங்க கும்பிட்டதாம். நாம இப்ப தாமான்ல கல் வீட்டுல இருக்கோம், பிள்ளைங்க யூனிவர்சிட்டி போறாங்க, சாமியும் கொஞ்சம் உயரணுமாம்.

நான் படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும்தான். தொழிற்சாலையில சூப்பர்வைசர். பதவி உயர்வு யாருக்குக் கொடுக்கணும், எதுக்குக் கொடுக்கணும்னு வருசத்துக்கு ஒரு தடவை ஃபாரம் நிரப்புறவன். அந்த அனுபவத்துல சொல்றேன்: நமக்கு மேல இருக்கிறவங்களுக்கு நாம பதவி உயர்வு கொடுக்க முடியாது.

முதல்ல அந்தக் கல்லைப் பத்தி. புதுசா வந்தவங்களுக்குத் தெரியாம இருக்கலாம். தோட்டத்துல ஆத்தங்கரையில இருந்து எடுத்து, வேப்ப மரத்தடியில நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு ஆரம்பிச்ச சாமி அது. அப்ப சிலை வாங்கக் காசு இல்லை, குருக்கள் இல்லை. காலையில இருட்டோட பெரட்டுக்குப் போற சனங்க அந்தக் கல்லுக்கு முன்னால ஒரு கற்பூரம் ஏத்திட்டுக் காட்டுக்குப் போவாங்க. தோட்டம் கை மாறி, லயத்தைக் காலி பண்ணச் சொன்னப்ப, எங்கப்பா அந்தக் கல்லை வேட்டியில சுத்தி மடியில வச்சுக்கிட்டு லோரியில வந்தார். சாமான் எல்லாம் பின்னால கிடந்தது, ஆத்தா முன் சீட்டுல வந்தா. அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அந்த மடியில இருந்த கல்லைத்தான் இப்ப கடல்ல போடணுங்கிறாங்க.

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. மாரின்னா மழை. கித்தா மரம் வெட்டுறவங்களுக்கு மழை என்ன செய்யும்? காலையில மழை பேஞ்சா மரம் நனைஞ்சிடும், வெட்டு இல்லை. வெட்டிட்டு வந்த பிறகு பேஞ்சா மங்குல இருக்கிற பால்ல தண்ணி விழுந்து வீணாப் போகும். வெட்டு இல்லேன்னா அன்னைக்குக் கூலி இல்லை. அப்படி மழையால வயித்துல அடி வாங்கின சனங்க, மழையின் பேரை வச்ச தாயைத்தான் தோட்டத்துக்குத் தோட்டம் கோயில் கட்டிக் கும்பிட்டாங்க. ஏன்? அவங்க ஊர்ல இருந்து கப்பல் ஏறினதே மழை பொய்ச்சு வயிறு காஞ்சதாலதான். மழை இல்லேன்னா என்ன ஆகும்னு பார்த்தவங்க. இன்னைக்குக் கூலி போனாலும் உலகத்துக்கு மழை வேணும்னு தெரிஞ்சவங்க. அந்தப் பக்தி சிறுசா?

இப்ப "சிறு தெய்வம்" என்ற பேச்சுக்கு வருவோம்.

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கும் பினாங்குக்கும் பஸ் போட்டுப் போறோம். முருகனைச் சிறு தெய்வம்னு சொல்ல யாருக்காவது வாய் வருமா? அந்த முருகனைக் கொற்றவையின் பிள்ளை என்று சொல்லுது திருமுருகாற்றுப்படை. கொற்றவை யாரு? பாலை நிலத்துல வேட்டுவர் கும்பிட்ட தாய். தொல்காப்பியத்துலயே கொற்றவை நிலை என்று ஒரு துறை இருக்கு. சிலப்பதிகாரத்துல வேட்டுவ வரி என்று ஒரு காதை முழுக்க அவளுக்குத்தான்: சாலினி என்ற பெண் மேல தெய்வம் இறங்குது, அவ ஆடுறா, குறி சொல்றா. நம்ம தோட்டத்துத் திருவிழாவுல பார்த்தது மாதிரியே இருக்கா இல்லையா? மகனுக்குக் காவடி எடுக்கிறோம், தாயைச் சிறுசுங்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

ராஜா கும்பிட்டாத்தான் பெரிய சாமின்னு நினைக்கிறவங்களுக்கும் பதில் இருக்கு. விஜயாலய சோழன் கி.பி. 850 வாக்குல தஞ்சாவூரைப் பிடிச்சதும் முதல் வேலையா நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்தான்னு திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லுது. நிசும்பசூதனி என்றால் நிசும்பனை அழித்த காளி. அதே தஞ்சாவூர்ல ராஜராஜன் பெரிய கோயில் கட்டி முடிச்சது 1010-ல. அப்போ ஏறக்குறைய நூற்று அறுபது வருசத்துக்கு முன்னாலயே, சோழ ராஜ்யத்துக்குக் கால்கோள் போட்ட இடத்துல உட்கார்ந்திருந்தவ காளி. அவன் யாரையும் கேட்டு அவளுக்குச் சாந்தமான பேரு வைக்கலை.

நானும் ஒரு காலத்துல வெட்கப்பட்டவன்தான். மறைக்காம சொல்றேன். இருபது வயசுல சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனப்ப, கூட வேலை செஞ்ச ஒருத்தர் "உங்க ஊர்ல என்ன கோயில்?" என்று கேட்டார். "சிவன் கோயில்" என்று சொன்னேன். தோட்டத்து மாரியம்மன்னு சொல்ல வாய் வரலை. அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை அவரே என்னை சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். நகரத்துக்கு நடுவுல, உயரமான கட்டடத்துக்கெல்லாம் பக்கத்துல, ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1827-ல ஆரம்பிச்சது. கப்பல்ல வந்து இறங்கின சனங்களுக்கு வேலை கிடைக்கிற வரைக்கும் தங்க இடம் கொடுத்த கோயில். அரசாங்கம் தேசிய நினைவுச் சின்னம்னு அறிவிச்ச கோயில். உள்ள போனா பெரியாச்சிக்கும் சன்னதி இருக்கு, பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுத் தாய்மார் நிக்கிறாங்க. நான் தூணுக்குப் பின்னால போய் நின்னு அழுதேன். பொய் சொன்னதுக்குத்தான்.

இருநூறு வருசம் ஆகப் போகுது, சிங்கப்பூர் மாதிரி ஊர்ல மாரியம்மன் மாரியம்மனாவே இருக்கா. பினாங்குல குயின் ஸ்திரீட்டுல 1833-ல இருந்து இருக்கா. கோலாலம்பூர்ல 1873-ல இருந்து இருக்கா. தங்காக்குல மட்டும் அவளுக்கு அந்தப் பேரு போதாதாமா?

அடுத்தது, உக்கிரம். "காளி படம் வீட்டுல வைக்கக் கூடாது, உக்கிர தெய்வம் குடும்பத்துக்கு ஆகாது" என்று யூடியூப்ல ஒருத்தர் பேசினா அது மறுநாள் நம்ம குழுவுல வந்துடுது. வங்காளத்துல தட்சிணேஸ்வரம் காளி கோயிலை 1855-ல கட்டினது ராணி ராசமணி என்ற விதவைப் பெண். தாழ்ந்த சாதின்னு சொல்லி அவங்க கோயில்ல பூஜை செய்யவே பல பிராமணர்கள் மறுத்தாங்க. அந்தக் கோயில்ல பூசாரியா வந்தவர்தான் ராமகிருஷ்ண பரமஹம்சர். கழுத்துல மண்டை ஓட்டு மாலை போட்ட காளிகிட்ட, சின்னப் பிள்ளை அம்மாகிட்ட அடம் பிடிக்கிற மாதிரி பேசினவர். நம்ம பாரதியார் காளியை எப்படி உருகிக் கூப்பிட்டார்னு நான் சொல்லத் தேவையில்லை. இவங்க குடும்பத்துக்கு ஆகாததையா கும்பிட்டாங்க?

உக்கிரம்னா என்னன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது புத்தகம் இல்லை. என் லைன்ல வேலை செஞ்ச ஒரு பொண்ணு. பேரு சொல்ல மாட்டேன். நைட் ஷிப்ட் முடிஞ்சு வரும்போது சில நாள் கன்னம் வீங்கி இருக்கும். கேட்டா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லும். செவ்வாய்க்கிழமை தவறாம நம்ம கோயில்ல காளி சன்னதி முன்னால நிக்கும். பக்கத்துல மகாலட்சுமி இருக்கா, சரஸ்வதி இருக்கா, அங்க எல்லாம் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்து இங்கதான் அரை மணி நேரம். ஒரு நாள் நான் கேட்டேன், "ஏம்மா இங்கயே நிக்கிற?" அது சொல்லுச்சு: "எனக்காகக் கோபப்படறதுக்கு வேற யாரும் இல்லை அண்ணே."

அதுக்கு அப்புறம் மூணு மாசத்துல அந்தப் பொண்ணு போலீஸ்ல ரிப்போர்ட் போட்டுச்சு. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துடுச்சு. இப்ப நல்லா இருக்கு. காளி வந்து வாளை எடுத்து வெட்டினாளான்னு கேட்டா, இல்லை. ஆனா கோபப்படறது பாவம் இல்லைன்னு அந்தப் பொண்ணுக்கு அரை மணி நேரம் அரை மணி நேரமா சொல்லிக் கொடுத்தது அந்தச் சன்னதிதான். நாக்கை உள்ள இழுத்து, பல்லை மறைச்சு, சிரிச்ச மாதிரி சிலை வச்சா அது யாருகிட்ட போய் நிக்கும்?

கண்ணகியை எடுத்துக்குங்க. புருசனை அநியாயமா வெட்டினதும் அவ அழுதுட்டு வீட்டுக்குப் போகலை. ஒத்தைச் சிலம்போட அரசன் சபைக்கு நடந்தா. நீதி கேட்டா. கோபம் வந்த அந்தப் பொண்ணைத்தான் சேரன் செங்குட்டுவன் கல் எடுத்துக் கோயில் கட்டித் தெய்வமாக்கினான். இலங்கையில மட்டக்களப்புப் பக்கம் வைகாசி மாசத்துல இன்னைக்கும் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி வைக்கிறாங்க. சிங்கள மக்கள் பத்தினி தெய்வம்னு கும்பிடுறாங்க. கவனிங்க, குளிர்த்தி. கோபத்தை ஒழிச்சுக் கட்டலை. கோபம் நியாயம்னு ஒத்துக்கிட்டு, "தாயே, போதும், குளிர்ந்துக்கோ" என்று கேட்கிறாங்க. நம்ம கோயில்ல ஆடி மாசம் கூழ் ஊத்தி, இளநீர் வச்சு, வேப்பிலை கட்டுறதும் அதே கணக்குத்தான்.

மூணாவது, பெரியாச்சி. ஆமா, பார்க்கப் பயமாத்தான் இருக்கும். காலுக்குக் கீழ ராஜா, மடியில ஒருத்தி வயிறு கிழிஞ்சு கிடக்கிறா, ஒரு கையில பச்சைப் பிள்ளை உயர. சின்ன வயசுல நான் அந்தப் பக்கம் திரும்பாமலே ஓடுவேன். ஆனா கதை தெரியுமா? பெரியாச்சி ஒரு மருத்துவச்சி. பிரசவம் பார்க்கிறவ. கொடுமைக்கார ராஜாவோட பிள்ளை தரையைத் தொட்டா நாடு அழியும்னு வாக்கு. அந்தப் பிள்ளையைத் தரையில படாம ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டே, கொல்ல வந்தவங்களை மத்தக் கையால தடுத்தவ. எல்லாரும் ரத்தத்தைப் பார்க்கிறோம், பிள்ளையைத் தூக்கின கையை யாரும் பார்க்கிறதில்லை.

பிரசவத்துல ரத்தம் இருக்கும். அதை எந்த அம்மாகிட்டயும் கேளுங்க. தோட்டத்துல ஆஸ்பத்திரி எட்டாத தூரத்துல இருந்த காலத்துல, லயத்து வீட்டுல மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்துல பிள்ளை பெத்த நம்ம பாட்டிங்க, உயிரோட எழுந்து வருவோமான்னு தெரியாம படுத்தவங்க. அவங்களுக்குப் பட்டுப் புடவை கட்டித் தாமரையில உட்கார்ந்த சாமி போதலை. ரத்தத்தைப் பார்த்துப் பயப்படாத ஒரு சாமி வேணும். அதுதான் பெரியாச்சி.

போன வருசம் என் மகளுக்குப் பிரசவம் சிக்கலாச்சு. மூவார்ல ஆபரேஷன் தியேட்டருக்கு வெளிய அஞ்சு மணி நேரம் நின்னேன். எனக்கு அந்த நேரத்துல எந்த ஸ்லோகமும் ஞாபகம் வரலை. "ஆச்சி, பிள்ளையைக் கீழ விட்டுடாதே" என்ற ஒரே வார்த்தைதான் வாயில வந்தது. டாக்டருங்க காப்பாத்தினாங்க, அவங்களுக்குக் கோடி புண்ணியம். முப்பதாம் நாள் பேத்தியைத் தூக்கிக்கிட்டு நேரா பெரியாச்சி சன்னதிக்குத்தான் வந்தோம். அந்தச் சன்னதியைப் "பயங்கரமா இருக்கு, எடுத்துடலாம்" என்று ஒருத்தர் ரொம்ப சுலபமா டைப் பண்றார். அவர் பிள்ளைக்கும் முப்பதாம் நாள் அங்கதான் தீபாராதனை ஆச்சு. தட்டை நீட்டினது நான்தான், மறக்கலை.

இன்னொருத்தர் கொஞ்சம் படிச்சவர் மாதிரி கேட்டார்: "பெரியம்மை ஒழிஞ்சு போச்சுன்னு 1980-லயே உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிடுச்சு. இனி மாரியம்மனுக்கு என்ன வேலை?" ஊசி போட்டு ஒழிச்சாங்க, சந்தோஷம். எனக்குச் சின்னம்மை போட்டப்ப எங்கம்மா என்னைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் கூட்டிக்கிட்டுப் போச்சு, ராத்திரி வேப்பிலையால வருடிக்கிட்டுப் பக்கத்துலயும் உட்கார்ந்திருந்துச்சு. ரெண்டுக்கும் சண்டை வந்ததில்லை. அம்மை போட்ட பிள்ளையை யாரும் தொட மாட்டாங்க. ஆனா "ஆத்தா வந்திருக்கா" என்று சொல்லிட்டா, அந்த உடம்பு அருவருப்பான உடம்பு இல்லை, சாமி இருக்கிற உடம்பு. தள்ளி வைக்கிற இடத்துல மரியாதை வந்துடுது. அதுதான் மாரியோட வேலை. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டத் தடை போட்டு நாடே அடைஞ்சப்ப, கோயில் கேட்டைப் பூட்டிட்டு ஐயா மட்டும் உள்ள பூஜை செஞ்சார். அப்ப கேட்டுக்கு வெளிய மோட்டாரை நிறுத்திட்டு, மாஸ்க்கோட ஒரு நிமிசம் நின்னு கும்பிட்டுப் போனவங்க எத்தனை பேர்! அதுல "என்ன வேலை" என்று கேட்டவரையும் பார்த்தேன்.

உலகம் முழுக்க இப்படித் தாய்மார் இருந்தாங்க. எகிப்துல ஐசிஸ், மடியில பிள்ளையோட. கிரேக்கத்துல டிமிட்டர், மகளைப் பாதாளத்துக்குத் தூக்கிட்டுப் போனதும் அவ துக்கத்துல பூமியில ஒரு பயிர் முளைக்கலையாம். அந்த உக்கிரத்துக்குத் தேவர்களே இறங்கி வந்து மகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாச்சு. நம்ம ஆத்தா கதை மாதிரியே இல்லையா? ஆனா ஐசிஸுக்கு நைல் நதியில பிலே தீவுல இருந்த கோயிலை ஆறாம் நூற்றாண்டுல மூடிட்டாங்க. இப்ப அவங்க எல்லாம் மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்காங்க. பார்க்க டிக்கெட் வாங்கணும். நம்ம ஆத்தா இன்னும் கூழ் குடிக்கிறா, தங்காக்குக் கடைத்தெருவுல எடுத்த புடவையைக் கட்டுறா, திருவிழாவுல ரோட்டுல வர்றா. உலகத்துல பல பேருக்கு இல்லாத பாக்கியம் நமக்கு இருக்கு. அதை வேற யாரும் வந்து பிடுங்கலை. நம்ம கையாலேயே கடல்ல போடப் போறோம்.

கடைசியா, என்னைத் தப்பா புரிஞ்சுக்காதீங்க. ராஜராஜேஸ்வரியும் தாய்தான். அவளுக்குத் தனியாச் சன்னதி கட்டினா முதல் செங்கல் நான் சுமக்கிறேன். ஆகமப்படி கும்பாபிஷேகம் நடக்கட்டும், குருக்கள் வரட்டும், அஷ்டபந்தனம் சாத்தட்டும், கோபுரம் எழும்பட்டும். பேத்தி காலத்துல இன்னும் அழகா இருக்கட்டும். ஆனா ஒரு தாய்க்கு மரியாதை செய்யிறதுக்கு இன்னொரு தாயோட பேரை அவ மேல ஒட்ட வேண்டிய அவசியம் இல்லை. அம்மாவுக்கு நல்ல புடவை வாங்கிக் கொடுக்கலாம், அடையாளக் கார்டுல பேரை மாத்தக் கூடாது.

சமயபுரத்துல மாசி கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் அம்மன் பச்சைப் பட்டினி இருக்கா. பக்தர்கள் இருக்கிற விரதம் இல்லை அது. பக்தர்கள் நல்லா இருக்கணும்னு அம்மனே இருக்கிற விரதம். அந்த நாள்ல தளிகை கிடையாது; துள்ளு மாவு, இளநீர், பானகம், நீர்மோர் மட்டும்தான். எங்கம்மா அப்படித்தான் இருந்துச்சு. மழைக்காலத்துல வெட்டு இல்லாத வாரம், "எனக்குப் பசியில்லை" என்று சொல்லிட்டுச் சட்டியில இருந்ததை எங்க தட்டுல போடும். ரொம்ப நாள் அதை நம்பினேன். சமயபுரத்துக் கதை கேட்டப்பதான் எனக்கு விளங்குச்சு. சனங்க தங்க அம்மாவை மாதிரியே ஒரு சாமியைக் கும்பிட்டிருக்காங்க. அந்தச் சாமியைச் சிறுசுன்னு சொல்றவங்க, பட்டினி கிடந்த அந்த அம்மாவைத்தான் சிறுசுங்கிறாங்க. என்னால கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாது.

வர்ற ஞாயிறு காலை பசியாறின பிறகு கூட்டம். மூணு விஷயத்தை எழுதியே கொடுக்கப் போறேன். பேரு மாரியம்மனாவே இருக்கணும். கல் இருந்த இடத்துலயே இருக்கணும். பெரியாச்சி சன்னதியை இடிக்கிறதுக்குப் பதிலாப் புதுப்பிக்கணும். அதுக்கு ஆகிற செலவுல என்னால முடிஞ்சதை நான் தர்றேன், மீதிக்கு வீடு வீடா வர்றேன், பத்து வெள்ளி கொடுத்தாலும் போதும். நன்கொடை தர்றவர்கிட்டயும் நானே போய்ப் பேசுறேன். அவர் அம்மாவும் தோட்டத்துல மரம் வெட்டினவங்கதான், பேசினா கேட்பார்னு நம்பிக்கை இருக்கு.

முக்கியமா பெண்கள் வாங்க. கூட்டம்னா ஆம்பளைங்க நாற்காலியில, பொம்பளைங்க சமையல்கட்டுல என்று வச்சிருக்கோம். பெரியாச்சி இருக்கணுமா வேண்டாமான்னு பிள்ளை பெறாத நாங்க பத்துப் பேர் கையைத் தூக்கி முடிவு பண்றது எனக்கே கூச்சமா இருக்கு. அன்னைக்குச் சாப்பாட்டை நானும் தொண்டர் தம்பிங்களும் பார்த்துக்கிறோம். நீங்க முன் வரிசையில வந்து உட்காருங்க.

எழுத்துல பிழை இருந்தா மன்னிக்கணும். ஆத்தா எல்லாரையும் காப்பா.

ஓம் சக்தி.